நூற்பா உண்டு, உரை இல்லை

தமிழில் அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற விவாதம் நம்மிடையே எப்போது எழுந்தாலும், சற்று நேரத்திற்குள் அது கலைச்சொற் சண்டையாகத் திரிந்துவிடுகிறது. ஹைட்ரஜனா, ஐதரசனா, நீரகமா என்று மூன்று அணிகள் பிரிந்து நிற்கும். ஒலிபெயர்ப்பு அடிமைத்தனம் என்பார் ஒருவர். தனித்தமிழாக்கம் விளங்காத்தனம் என்பார் மற்றொருவர். இருவரும் களைத்து வீடு திரும்பிய பின்னும் அறிவியல் இருந்த இடத்திலேயே இருக்கும். கலைச்சொற்கள் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் அறிவியல் எழுத்தின் வறுமை சொல் வறுமையன்று, உரை வறுமை என்பது என் துணிபு. நம்மிடம் நூற்பாக்கள் உள்ளன; அவற்றுக்கு உரை எழுதுவாரில்லை. இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு நிறுவ முயல்கிறேன். எடுத்துக்காட்டு கரிம வேதியியலிலிருந்து வருகிறது: ஆல்கீன்கள்.

தமிழாசிரியனுக்கு ஆல்கீனோடு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். இளநிலை வேதியியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பிப்பது என் பணிகளுள் ஒன்று. அவர்களுடைய மேசையில் தமிழ்ப் பாடநூலுக்கு அடியில் கரிம வேதியியல் நூல் கிடக்கும். அவர்களிற் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதலாண்டின் முதல் சில வாரங்களுக்குள் அவர்கள் வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் கண்டுவருகிறேன். ஐயம் எழாமல் இல்லை. எழுந்த ஐயத்தை ஆங்கிலத்தில் உருவாக்க முடிவதில்லை. தமிழில் கேட்கவோ கூச்சம். மனப்பாடம் ஒன்றே போக்கிடமாகிறது. எனக்கு இது வேதியியலின் சிக்கலாகப் படவில்லை. மொழியின் சிக்கல், ஆகவே என் துறையின் சிக்கல்.

*

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன் 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். 1916 இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் கூடித் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தை அமைத்தனர். அதே ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதினார். பெ.நா. அப்புஸ்வாமி தம் நெடிய வாழ்நாளில் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் விளக்கி எழுதுவதற்கே ஈந்தார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இந்த வரிசையை உற்று நோக்கினால் இரண்டு வேலைகள் நடந்திருப்பது தெரியும். ஒன்று சொல் ஆக்குதல். மற்றொன்று விளக்கி எழுதுதல். முதல் வேலையைச் சங்கங்களும் குழுக்களும் அரசும் தொடர்ந்து செய்தன, அகராதிகள் பெருகின. இரண்டாவது வேலை தனி மனிதர்களின் ஆர்வத்தை நம்பியே நின்றது. அவர்கள் மறைந்தபோது அதுவும் மெலிந்தது. சேலத்துச் சங்கத்தை நினைவுகூரும் நாம் திண்ணையை மறந்துவிட்டோம்.

விளக்கி எழுதும் கலை நமக்குப் புதியதன்று. ஒரு நூற்பாவுக்கு உரை எழுதுவது எப்படி என்பதற்கே நம் இலக்கண நூல்கள் இலக்கணம் வகுத்துள்ளன. கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியவற்றால் சூத்திரத்தின் உட்பொருளைத் தோன்றச் செய்வது காண்டிகையுரை என்கிறது நன்னூல். இந்த ஐந்தையும் கையிலெடுத்துக்கொண்டு ஆல்கீன் பாடத்துக்குள் நுழைந்து பார்க்கலாம்.

*

முதலில் கருத்து. கார்பன் அணு நான்கு பிணைப்புகளை உண்டாக்க வல்லது. இரண்டு கார்பன் அணுக்கள் தமக்குள் ஒரே ஒரு பிணைப்பை வைத்துக்கொண்டு, எஞ்சிய இடங்களிலெல்லாம் ஹைட்ரஜனையோ வேறு கார்பனையோ ஏற்றுக்கொண்டால் அது ஆல்கேன். தமக்குள் இரண்டு பிணைப்புகளை வைத்துக்கொண்டால் ஆல்கீன். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் ஆல்கேன் எளிதில் எதனோடும் வினைபுரியாது. ஆல்கீனோ வந்தவற்றையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். ஏன் என்பதுதான் பாடத்தின் உயிர்.

இனிப் பதப்பொருள். 'நிறைவுறா ஹைட்ரோகார்பன்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். நல்ல தொடர். இன்னும் ஹைட்ரஜனை ஏற்க இடமிருக்கிறது, நிறையவில்லை என்று பொருள். ஆனால் மாணவர் மனத்தில் 'நிறைவுறா' என்பது 'குறையுள்ள' என்றே பதிகிறது. ஏதோ ஒன்று உடைந்து கிடப்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே எதுவும் குறைவுபடவில்லை. ஹைட்ரஜனுக்கு இடமிருக்கிறதேயொழிய எலக்ட்ரானுக்குப் பஞ்சமில்லை. இரு கார்பன்களுக்கு இடையே எலக்ட்ரான் செறிவு வழக்கத்தைவிட மிகுதி. அந்த மிகுதியே வினைகளுக்குக் காரணம். ஆகவே இத்தொடருக்கு உரை எழுதுபவர், 'நிறைவுறா என்றது ஏற்குமிடம் உண்மையின். வறுமையான் அன்று' என்று ஒரு வரி சேர்த்தாக வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் மாணவர் அடுத்த பத்துப் பக்கங்களையும் தலைகீழாகப் படிக்கிறார்.

'இரட்டைப் பிணைப்பு' என்பதும் அப்படித்தான். இரட்டை என்றவுடன் ஒத்த இரண்டு என்றே கொள்வோம். ஆனால் இவ்விரண்டும் ஒத்தவையல்ல. முதற் பிணைப்பு சிக்மா. அதன் எலக்ட்ரான்கள் இரு அணுக்கருக்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் செறிந்திருக்கின்றன. இரண்டாவது பை, அதன் எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழுமாகப் பரந்திருக்கின்றன. கணக்கு இதை மெய்ப்பிக்கிறது. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரட்டைப் பிணைப்புக்கு இருமடங்கான 694 வேண்டுமன்றோ? வேண்டுவது ஏறத்தாழ 611 தான். அப்படியானால் இரண்டாவது பிணைப்பின் பங்கு சுமார் 264. அது மெலிந்தது. அதே சமயம், இரண்டும் சேர்ந்து அணுக்களை நெருக்கமாக இழுக்கின்றன: ஈத்தேனில் 154 பிக்கோமீட்டராக இருந்த கார்பன்-கார்பன் தொலைவு ஈத்தீனில் 134 ஆகக் குறைகிறது.

இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு வகையில் இதை எளிதில் சொல்லிவிடலாம். அடுக்குத்தொடரில் வருவன ஒத்த சொற்கள். ஒன்றை நீக்கினாலும் மற்றது பொருள் தரும். இரட்டைப் பிணைப்பு அடுக்குத்தொடர் அன்று. பையை நீக்கினால் சிக்மா நிற்கும். சிக்மாவை நீக்கிவிட்டு ஆல்கீனில் பையை மட்டும் நிறுத்த இயலாது. இந்த ஒப்புமை இவ்வளவுக்குத்தான் பயன்படும். இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். உவமைக்கு எல்லை குறிப்பதும் உரையாசிரியரின் கடமையே.

மெலிந்த பிணைப்பு, வெளியே பரந்த எலக்ட்ரான் முகில் ஆகிய இரண்டையும் மனத்தில் கொண்டால் ஆல்கீனின் குணம் முழுவதும் விரியத் தொடங்குகிறது.

*

முகில் மேலும் கீழுமாக இருப்பதால் ஒரு விளைவு. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் தாராளமாகச் சுழலலாம். இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல வேண்டுமானால் பை பிணைப்பை முறிக்க வேண்டும். ஆகவே ஒரே அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்திருந்தும், இரண்டு தொகுதிகள் ஒரே பக்கத்தில் இருப்பது ஒரு பொருள், எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது வேறொரு பொருள் என்றாகிறது. சிஸ், டிரான்ஸ் என்னும் இந்த மாற்றியங்களைப் பாடநூல் இரண்டு படங்களில் முடித்துவிடும். ஆனால் மலேயிக் அமிலமும் ஃபியூமரிக் அமிலமும் இதற்கு நல்ல காட்டு. கூட்டமைவு ஒன்றே. முன்னது ஏறத்தாழ 135 பாகை செல்சியஸில் உருகும். பின்னது உருக 287 பாகை வேண்டும். அணுக்களை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அவை வெளியில் எப்படி அமைந்துள்ளன என்று பார்த்தால்தான் தெரியும் என்று 1874 இல் 22 வயது இளைஞரான வான்ட் ஹாஃப் சொன்னார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901 இல் அவருக்கே வழங்கப்பட்டது. பரிசு வேறு ஆய்வுகளுக்காக என்றாலும், அணுக்களைத் தாளிலிருந்து வெளியில் எழுப்பி நிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

இன்னொரு காட்டு இக்கட்டுரையை வாசிக்கும் கண்களிலேயே இருக்கிறது. விழித்திரையில் உள்ள ரெட்டினால் என்னும் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு சிஸ் வடிவில் மடங்கியிருக்கிறது. ஒளி பட்டதும் அது டிரான்ஸ் வடிவுக்கு நிமிர்கிறது. அந்த நிமிர்வு, தன்னைத் தாங்கியிருக்கும் புரதத்தின் வடிவை மாற்ற, அங்கிருந்து நரம்புக்குச் செய்தி செல்கிறது. பார்வையின் வேதியியலை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு 1967 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுழல முடியாத ஒரு பிணைப்பை ஒளி சுழற்றுகிறது. அதைத்தான் நாம் பார்த்தல் என்கிறோம். இதைச் சொல்லாமல் சிஸ்-டிரான்ஸ் மாற்றியத்தை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்துவது எனக்கு அநீதியாகவே தோன்றுகிறது.

*

வினைகளுக்கு வருவோம். ஆல்கீன்களின் தலையாய வினை சேர்க்கை வினை. செம்பழுப்பு நிறப் புரோமின் கரைசலில் ஈத்தீனைச் செலுத்தினால் நிறம் மறைகிறது. புரோமினின் இரண்டு அணுக்களும் இரண்டு கார்பன்களிலும் போய் அமர்ந்துவிட்டன. எதுவும் வெளியேறவில்லை, வந்தது மட்டும் சேர்ந்தது. பள்ளி ஆய்வகத்தில் நிறைவுறாமையை அறியும் சோதனை இதுவே. இதையொத்த ஒரு வினையால்தான் இந்தக் குடும்பத்துக்கு முதற்பெயரும் வந்தது. 1795 இல் டச்சு வேதியியலாளர் நால்வர் ஈத்தீன் வாயுவையும் குளோரினையும் கலந்தபோது எண்ணெய் போன்ற நீர்மம் கிடைத்தது. 'எண்ணெய் ஆக்கும் வாயு' என்று பொருள்படப் பிரெஞ்சில் பெயர் வழங்கிற்று. அதன் வழித்தோன்றல்தான் ஒலிபீன் என்ற சொல். காரணப்பெயர் இடுகுறிபோல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆல்கீனைத் தேடி வரும் பொருளை நம் பாடநூல்கள் 'எலக்ட்ரான் கவர் பொருள்' என்கின்றன. 1930களில் கிறிஸ்டோபர் இங்கோல்டு நிலைநிறுத்திய சொல்லின் தமிழாக்கம் இது. 'கவர் பொருள்' வினைத்தொகை. வினைத்தொகை காலத்தை மட்டுமன்றி, சில வேளைகளில் உறவையும் மறைத்துவிடும். எலக்ட்ரானைக் கவரும் பொருளா, எலக்ட்ரானால் கவரப்படும் பொருளா? 'கருக்கவர் பொருள்' என்பதில் குழப்பம் இன்னும் மிகுதி. இரண்டாம் வேற்றுமையை விரித்து, 'எலக்ட்ரானை நாடி வருவது', 'அணுக்கருவை நாடி வருவது' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதன்பின் தொகைச்சொல் தன் வேலையைச் செய்யும். சொல் பிழையன்று. சொல்லை விரித்துக்காட்ட ஆளில்லாததே பிழை.

இப்போது மார்கோவ்னிகாஃப். கசான் பல்கலைக்கழகத்தில் பயின்ற இந்த ரஷ்ய வேதியியலாளர் 1870 இல் வெளியிட்ட விதியை ஆல்கீன் பாடம் படித்த எவரும் ஒப்பிப்பார்: சீர்மையற்ற ஆல்கீனோடு ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது, ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன்களை உடைய கார்பனில் சேரும், ஹாலஜன் மற்ற கார்பனில் சேரும். புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் புரோமின் நடுக்கார்பனில் அமரும், 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கும். இது நூற்பா. சுருக்கம், விளக்கம், திட்பம் மூன்றும் உடையது.

வினா: ஏன்? என் மாணவரொருவரிடம் ஒருமுறை கேட்டேன். 'பணம் பணத்தோடுதான் சேரும் ஐயா' என்றார். வகுப்பே சிரித்தது. நல்ல நினைவுக்குறிப்பு, தேர்வில் ஒருபோதும் தவறவிடாது. ஆனால் அது உரையன்று. ஹைட்ரஜன் இருப்பதால் ஹைட்ரஜன் அங்கே செல்லவில்லை.

விடை: முதலில் வருவது எலக்ட்ரானை நாடும் ஹைட்ரஜன் அயனி. அது பை முகிலிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று ஒரு கார்பனோடு பிணைகிறது. அப்போது மற்ற கார்பன் எலக்ட்ரானை இழந்து நேர்மின் சுமை தாங்கி நிற்கிறது. சுமை எந்தக் கார்பனில் விழுந்தால் தாங்கும்? புரோப்பீனில் ஹைட்ரஜன் ஓரக்கார்பனில் சேர்ந்தால் சுமை நடுக்கார்பனில் விழும். அதன் இருபுறமும் இரண்டு கார்பன் தொகுதிகள் உள்ளன. அவை தம் எலக்ட்ரான் செறிவில் சிறிது விட்டுக்கொடுத்துச் சுமையைப் பகிர்கின்றன. மாறாக, ஹைட்ரஜன் நடுவில் சேர்ந்தால் சுமை ஓரத்தில் விழும். தோள்கொடுக்க ஒரே ஒரு தொகுதிதான். ஆகவே வினை முதல் வழியையே நாடுகிறது. அதன்பின் எதிர்மின் சுமையுடைய புரோமைடு அயனி நடுக்கார்பனை அடைகிறது. ஹைட்ரஜன் செல்லும் இடத்தை முடிவுசெய்வது அங்கே இருக்கும் ஹைட்ரஜன் அன்று. சுமையை யார் தாங்குவது என்பதே.

பழமொழியை அறிந்த மாணவருக்கும் உரையை அறிந்த மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரே ஒரு கேள்வி போதும். புரோப்பீனின் ஓரத் தொகுதியில் உள்ள மூன்று ஹைட்ரஜன்களை நீக்கி மூன்று ஃபுளூரின்களை வையுங்கள். ஃபுளூரின் எலக்ட்ரானை வலிந்து இழுப்பது. தோள்கொடுப்பதற்கு மாறாகச் சுமையைக் கூட்டுவது. இப்போது நேர்மின் சுமை அதன் அருகே இருக்க விரும்பாது. ஹாலஜன் ஓரக்கார்பனில் போய்ச் சேர்கிறது. விதி தலைகீழாகிறது. பழமொழி இங்கே கைவிடும். உரை கைவிடாது.

நம் இலக்கண நூல்கள் விதியில் அடங்காதவற்றுக்குப் புறனடை சொல்லும். மார்கோவ்னிகாஃப் விதிக்கும் புறனடை உண்டு. ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்க்கும்போது சில ஆய்வகங்களில் விதிப்படியும் சில ஆய்வகங்களில் விதிக்கு மாறாகவும் விளைபொருள் கிடைத்து வந்தது நெடுநாள் புதிராக இருந்தது. 1933 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கராஷும் ஃபிராங்க் மேயோவும் காரணத்தைக் கண்டனர். காற்றுப் பட்டுப் பழையதான ஆல்கீனில் சிறிதளவு பெராக்சைடு சேர்ந்துவிடுகிறது. அதுவே திசையை மாற்றுகிறது. பெராக்சைடு இருந்தால் முதலில் வந்து சேர்வது ஹைட்ரஜன் அயனி அன்று, தனி எலக்ட்ரான் உடைய புரோமின் அணு. அது ஓரக்கார்பனில் சேர்கிறது. தனி எலக்ட்ரானின் நிலையாமையை நடுக்கார்பன் ஏற்றுக்கொள்கிறது, ஏனெனில் அதற்கே துணை அதிகம். பின்னர் ஹைட்ரஜன் நடுவில் வந்து சேர்கிறது. முதலில் வருவது எதுவாயினும் ஓரத்தில் சேரும். சுமை நடுவில் விழும். முதலில் வருபவர் மாறியதால் விளைபொருள் மாறியது. ஆழத்தில் நெறி ஒன்றே. விதியையும் புறனடையையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டுவதுதானே நல்லுரை!

இதில் நான் மிகவும் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. மார்கோவ்னிகாஃப் விதியைச் சொன்னது 1870 இல். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897 இல். அதாவது விதியைச் சொன்னவருக்கே மேலே நான் எழுதிய உரை தெரிந்திருக்க வழியில்லை. அவர் கண்டது வழக்கு. அதற்கு நூற்பா செய்தார். காரணம் பல பத்தாண்டுகள் கழித்து வேறு பலரால் எழுதப்பட்டது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை வர எத்தனை நூற்றாண்டுகள் ஆயின! அறிவியலிலும் நூற்பாவும் உரையும் வெவ்வேறு காலத்தவர் கைவேலைகள். இரண்டும் சேர்ந்தே அறிவு.

*

காட்டு இல்லாத உரை நிறைவுபெறாது. நம் வீடுகளிலும் கடைத்தெருவிலும் ஆல்கீன் இருக்கிறது. வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போடுவதும், மாங்காயை வைக்கோலில் புதைப்பதும் நம் முந்தைய தலைமுறையினர் செய்துவந்தவை. புகையில் ஈத்தீன் உண்டு. பழுக்கும் காய் தானும் ஈத்தீனை வெளியிடும், மூடி வைத்தால் அது தங்கும். தாவரங்களே அதை உண்டாக்குகின்றன என்பதை 1934 இல் ரிச்சர்டு கேன் மெய்ப்பித்தார். இன்று சந்தைகளில் தடையை மீறிப் பயன்படுத்தப்படும் கார்பைடுக் கல் வெளியிடுவது ஈத்தீன் அன்று, முப்பிணைப்புடைய அசிட்டிலீன். ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளும் உடன்வரக்கூடும். ஈத்தீன் வாயுவை 100 பிபிஎம் வரை முறைப்படி பயன்படுத்த அனுமதி இருக்கிறது. இரட்டைக்கும் முப்பிணைப்புக்கும் உள்ள வேறுபாடு பழக்கடையில் பொருள்படும் செய்தி.

நம் இனிப்புகளில் நெய்க்கு மாற்றாகப் புகுந்த வனஸ்பதி, நீர்மத் தாவர எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் நிக்கலின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கட்டியாக்கியது. சேர்க்கை அரைகுறையாக நிற்கும்போது, திறந்த பிணைப்புகளிற் சில மீண்டும் மூடிக்கொள்கின்றன. மூடும்போது சிஸ் டிரான்ஸாகிவிடுகிறது. மருத்துவர்கள் எச்சரிக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதுவே. 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவில் சட்டம். 'டிரான்ஸ்' என்ற சொல்லை எண்ணெய்ப் புட்டியின் மேல் படிக்கும் எத்தனை பேருக்கு, அது தாம் பள்ளியில் ஒப்பித்த அதே டிரான்ஸ் என்று தெரியும்?

மூன்றாவது, பாலித்தீன் பை. 1933 இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் கிப்சனும் ஃபாசெட்டும் ஈத்தீனை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்திய ஒரு சோதனையில், எதிர்பாராமல் மெழுகு போன்ற வெண்பொருள் கிடைத்தது. ஈத்தீன் மூலக்கூறுகள் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியாகிவிட்டிருந்தன. பெயரில் 'ஈன்' இருக்கிறது. பொருளில் இரட்டைப் பிணைப்பு ஏறத்தாழ இல்லை. எல்லாம் நிறைவுற்றுவிட்டது. நிறைவுற்றதால்தான் எதனோடும் வினைபுரியாமல், மண்ணில் மட்காமல் கிடக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு 2019 சனவரி முதல் தடைசெய்ததும், பின்னர் மஞ்சப்பையை மீண்டும் அழைத்ததும் நாம் அறிந்தவை. நிறைவுறாதது வினைபுரிந்து மாறும். நிறைவுற்றது மாறாது நின்று தொல்லை தரும். நிறைவு என்ற சொல்லுக்கு நாம் ஏற்றி வைத்திருக்கும் பெருமையை வேதியியல் சற்றே கேள்விக்குள்ளாக்குகிறது.

*

எதிர்வாதங்களை அறிவேன். இறுதியில் ஆய்விதழ்களை ஆங்கிலத்தில்தானே படிக்க வேண்டும் என்பார்கள். ஆம். ஆனால் புரிந்துகொண்டதை வேறு மொழியில் சொல்லப் பழகுவது சில மாத வேலை. புரியாததை எந்த மொழியில் சொன்னாலும் பயனில்லை. இரு மொழிகளில் படித்தால் சுமை இரட்டிக்கும் என்பார்கள். மனப்பாடத்தைவிடப் பெரிய சுமை எதுவுமில்லை.

என் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆல்கீனைத் தமிழில் விளக்க முடியும் என்பதற்கு, ஆல்கீனைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று நிறுவவேண்டிய தேவை இல்லை. அறிந்திருக்கவில்லை, அதனால் நமக்கு இழுக்குமில்லை. புகைமூட்டம் போட்டவர்க்குப் பயன் தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திருக்கவில்லை. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற உண்மையான கொடை விளக்கும் முறை. ஒரு சொல்லை நிறுத்தி, விரித்து, ஐயம் எழுப்பி, எடுத்துக்காட்டு தந்து, மாறுபடுவோரை மறுத்து, புறனடை சொல்லி முடிக்கும் அந்தப் பொறுமையை நாம் செய்யுளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எனவே ஒரு முன்மொழிவு. ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரே ஒரு பணியை மாணவர்க்கு இடட்டும்: தன் பாடத்தில் ஒரு விதியைத் தேர்ந்து அதற்குக் காண்டிகையுரை எழுதுக. கலைச்சொல் ஒலிபெயர்ப்பாயினும் சரி, தமிழாக்கமாயினும் சரி, மதிப்பெண் அதற்கன்று. 'ஏன்' என்ற வினா எழுந்ததா, விடை வந்ததா, தன் ஊரிலிருந்து ஒரு காட்டு கிடைத்ததா என்பதற்கே மதிப்பெண். அறிவியல் ஆசிரியர் உண்மையைத் திருத்தட்டும். தமிழாசிரியர் தெளிவைத் திருத்தட்டும். இலக்கிய இதழ்கள் மாதம் ஒன்றை வெளியிடட்டும். கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்று குறைந்தால் கவிதை வாடிவிடாது.

இதற்கு அரசாணையோ நிதியோ வேண்டியதில்லை. வேண்டுவதெல்லாம், முதலாண்டிலேயே வாயடைத்துப்போன அந்த மாணவர் 'ஏன்' என்று தமிழில் கேட்டால் அது இழிவன்று என்று வகுப்பறைக்குள் ஒருவர் சொல்வதுதான். வேதியியல் தெரிந்தவர் சொன்னால் நல்லது. அவர் தயங்கினால், தமிழ் தெரிந்தவர் சொல்லட்டும்.